இரண்டு வளையங்கள்

பென்னாகரத்துக்குத் தெற்கே அரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டை வைத்துக்கொண்டு கலைமதி ஊரையே எதிர்த்து நின்றாள். செடிக்குச் செடி இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் பிடித்துக் கிடந்தது. பிடுங்கி எரித்துவிட்டு வேறு குச்சி நடு என்று சொல்லாத ஆள் இல்லை. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் கிழங்கு எடுத்ததும் அதே குச்சிகளைக் கட்டி வேப்பமர நிழலில் நிறுத்துவாள். மழை விழுந்ததும் துண்டு துண்டாக வெட்டி அதே காட்டில் நடுவாள். ஒரு கிழங்குச் செடிக்கு இத்தனை பிடிவாதமா என்று ஊர் கேட்டது. ஊருக்கென்ன, கேட்கும்.

அது அவள் புருஷன் மாதவராஜ் நட்ட செடி. கொரோனா இரண்டாம் முறை சுற்றி வந்தபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி, முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. வீட்டில் அவன் சட்டையும் செருப்பும் இருந்தன. அவை பழசாகிக்கொண்டே வந்தன. காட்டில் இருந்ததுதான் உயிரோடு இருந்தது. குச்சிக்கிழங்கை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. வெட்டி நட்ட துண்டு வளர்ந்தால் அதே செடி. அதை வெட்டி நட்டால் மறுபடியும் அதே செடி. அவன் கைபட்ட செடி இன்னும் சாகவில்லை என்று அவள் நினைத்ததில் தப்பொன்றும் கிடையாது.

போன வருஷம் பக்கத்துக் காட்டு நஞ்சப்பனின் புதுச் செடிகளிலும் இலை சுருண்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் செடி நோய்களை ஆராயும் யுவராணியை அழைத்து வந்தார். அன்று இலை பறித்துக்கொண்டு போனவள், இன்று முடிவோடு வந்திருந்தாள்.

"வைரஸ்தாங்க்கா," என்றாள்.

அந்த வார்த்தை கலைமதிக்கு ஆகாது. முகம் சுண்டிப்போயிற்று.

"எங்கூட்டுக்காரரக் கொண்டுபோனதும் அதுதானுங்க மேடம். இது அதுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க்கா. வைரஸ்ங்கற பேரு மட்டுந்தான் ஒண்ணு, ரெண்டும் வேற வேற குடும்பம். அது ஆர்.என்.ஏ. ஒரே நீள இழை, மேல கொழுப்புத் தோலு. அதனாலதான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னோம். இது டி.என்.ஏ. தோலெல்லாம் இல்ல. உள்ளார எழுதியிருக்கறதப் படிச்சுத்தான் எது எந்தக் குடும்பம்னு பிரிக்கறோம். இது மனுசனத் தொடாது, அது செடியத் தொடாது."

அவனைக் கொன்றதைத்தான் இத்தனை வருஷம் வளர்த்தோமோ என்று ஒரு நிமிஷம் நடுங்கிப்போயிருந்தாள். இப்போது மூச்சு வந்தது.

"ஒண்ணு கேக்கணும்க்கா. இதுல பாதி நல்லம்பள்ளிக் காடுகள்ல பாத்த வகை. அந்தப் பக்கமிருந்து எப்பவாச்சும் குச்சி வந்துச்சா?"

நல்லம்பள்ளி கலைமதியின் அம்மா வீடு. கல்யாணச் சீர் ஏற்றிய டெம்போவில் கட்டில், பீரோவோடு அவள் அப்பா ஒரு கட்டுக் குச்சியும் வைத்து அனுப்பியிருந்தார். அவர்கள் வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அப்படித்தான். மாதவராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, ஒரு சால் உன்னது, ஒரு சால் என்னது என்று வரிசை மாற்றி வரிசை நட்டான். அவள் வீட்டுக் குச்சிக்கு இந்த மண் பிடிக்கவில்லை. ரெண்டு மழைக்குள் ஒவ்வொன்றாகச் செத்து, அவன் சால்கள் மட்டும் மிஞ்சின.

"வந்துச்சுங்க. இப்ப ஒண்ணுமில்ல," என்றாள்.

"இருக்குதுங்க்கா," என்றாள் யுவராணி. "இந்த வைரஸோட டி.என்.ஏ. ரெண்டு வளையமா இருக்கும். தனித்தனிக் கூட்டுல இருக்கும். ஒண்ணுக்குத் தன்னையும் மத்ததையும் நகலெடுக்க வழி தெரியும். இன்னொண்ணுக்கு அடுத்த செல்லுக்குள்ள போக வழி தெரியும். ரெண்டும் சேந்தாத்தான் செடி முழுக்கப் பரவும். உங்க சால்ல ஒரு வகை, அவரு சால்ல ஒரு வகை இருந்திருக்கு. வெள்ளை ஈ இங்கயும் அங்கயும் உக்காந்து, ரெண்டு வகையும் ஒரே செல்லுக்குள்ள மாட்டியிருக்கு. அங்க நகலெடுக்கறப்ப கலந்துபோச்சு. இப்ப இருக்கறதுல ஒரு வளையம் அவரு பக்கத்துது, ஒரு வளையம் உங்க பக்கத்துது."

"அப்ப இது புதுசுங்களா?"

"இந்தச் சேர்க்கைய நான் வேற எங்கயும் பாக்கலீங்க்கா."

கலைமதிக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனை கோயில், எத்தனை டாக்டர். கடைசியில் இருவருமாகச் சேர்ந்து உண்டாக்கியது இது ஒன்றுதான், அதுவும் ஊரான் காட்டைக் கெடுக்கிற ஒன்று. அவளுக்கு அவன் வேண்டும்போல இருந்தது. இதைச் சொன்னால் எப்படிச் சிரித்திருப்பான்.

அதுவரை வரப்பில் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன் எழுந்து வந்தார். "ஏம்மா கலை, என் காட்ட நான் பாத்துக்குவேன். அதத் தாண்டி இன்னும் காடுங்க இருக்குது. எல்லாரும் குச்சிக்கிழங்குதான் போட்டிருக்காங்க."

கலைமதி காட்டுக்குள் இறங்கி, முதல் செடியை அடியோடு பற்றி இழுத்தாள். விரல் தடிமன் கிழங்கோடு அது வந்தது. வரப்பில் வீசிவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். நஞ்சப்பனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த சாலில் இறங்கினார்.

யுவராணி அவள் பின்னாலேயே வந்தாள். "அக்கா, எல்லாத்தையும் எரிக்க வேண்டாம். ரெண்டு மூணு கொழுந்து எனக்கு வேணும். உச்சியில ஊசி முனையளவு இடத்துல வைரஸ் ஏறியிருக்காது. அதை வெட்டி லேப்ல கண்ணாடிக் குழாயில வளத்தா சுத்தமான செடி வரும். அதே செடிதாங்க்கா. அடுத்த மழைக்கு நீங்க நடலாம்."

கலைமதியின் கை நின்றது.

"அதுல வைரஸ் இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க்கா."

"அப்ப என் பக்கத்துது ஒண்ணும் இருக்காது."

"இருக்காதுங்க்கா," என்றாள், மெதுவாக.

கலைமதி இருக்கிறதில் நல்ல கொழுந்தாகப் பார்த்து ஒடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"பரவால்லீங்க மேடம். அவரு வந்தாப் போதும்."

பிறகு குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.