முன் பிரேக்

ஸ்கூட்டரின் முன் சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய பிரேக் பேடைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேய்ந்து வெறும் தகடாகப் போயிருந்தது. இதை நானே கண்டுபிடித்து, நானே கழற்றி, புதியதை நானே மாட்டியிருக்கிறேன். என் தொழில் பல் கட்டுவது. டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், லேபில் உட்கார்ந்து நான் பல் செய்து கொடுப்பேன். மயிரிழை உயரம் கூடினாலும் வாயில் உட்காராது. அப்படிப்பட்ட கைக்கு நாலு போல்ட் பெரிய காரியமா என்று ஒரு திமிர்.

இந்தக் காலத்து வண்டிகளில் வீட்டில் கை வைக்கவே கூடாது என்று சர்வீஸ் சென்டரில் பயமுறுத்தியிருந்தார்கள். "மேடம், இது முழுக்க சென்சார். நீங்க ஏதாவது தொட்டா அப்புறம் நாங்க பொறுப்பில்ல." அதென்ன தொட்டாற்சிணுங்கியா? அவர்களிடம் விட்டால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அந்தப் பக்கம் வண்டிக்கு என்ன நடக்கிறது என்பது கடைசிவரை தெரியாது. நான் ஒரு சின்னக் கருவி வாங்கி வண்டியில் செருகினேன். வண்டிக்கு என்ன குறை என்பதை இப்போது என் போனே சொல்கிறது. போல்ட்டை அளவோடு முறுக்கத் தனி ஸ்பேனரும் இருக்கிறது. அளவு வந்ததும் 'டக்'கென்று சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. "நீ மாட்டு, நான் ஓட்டறேன்" என்பார். நல்ல ஏற்பாடுதான்.

கடைசி போல்ட் 'டக்' என்ற நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். அவள் பேச ஆரம்பித்தால் லேசில் வைக்கமாட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாமான்களைப் பெட்டியில் போட்டு மூடினேன். படியேறி வீட்டுக்குள் வந்தும் அவளுடைய நாத்தனார் புராணம் முடியவில்லை. நடுவில் இவர் எதிரே வந்து ஏதோ சொன்னார். தலையை ஆட்டி வைத்தேன்.

ஒருவழியாகப் போனை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். புது சோப்பு பாட்டில். மூடியை அழுத்தினேன், காற்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினேன். அப்போதும் காற்று. அந்த நொடியில் பிரேக் நினைவுக்கு வந்தது.

புது பேட் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் விட, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளி வைக்கவேண்டும். தள்ளிய பிறகு பிரேக் பிடியும் இந்த பாட்டில் மாதிரிதான். முதல் சில தடவை சும்மா போகும், சக்கரம் நிற்காது. கெட்டிப்படும்வரை பிடித்துப் பிடித்து விட்ட பிறகே வண்டியை எடுக்கலாம். இருப்பதிலேயே சுலபமான வேலை, கடைசி வேலை. அதை நான் செய்யவில்லை.

சாவிக் கொக்கி காலியாக இருந்தது. நீச்சல் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவர இவர் கிளம்புகிற நேரம். எங்கள் தெரு சரிவாக இறங்கி நேரே லாரி ஓடுகிற பெரிய சாலையில் போய்ச் சேரும். பின் பிரேக் மட்டும் அந்தச் சரிவுக்குப் போதாது.

எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வண்டி நிற்கும் இடத்தில் வண்டி இல்லை. "ஐயோ, என்னங்க!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

கேட்டுக்குப் பக்கத்தில், இன்ஜினைப் போடாமல், வண்டிமேல் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார் மனிதர். போன வேகத்தில் முதுகில் ஓர் அறை வைத்தேன். என் ஐந்து விரலும் கிரீஸோடு சட்டையில் பதிந்தன.

"சொல்லாம கொள்ளாம எடுத்துட்டு வருவீங்களா?"

"சொன்னேனே! நீதான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டின."

"பிரேக்கு... பிரேக்கு பிடிக்காதுங்க..."

"தெரியுது. இங்க தள்ளிட்டு வந்து ஏறி உக்காந்ததும் பிடிச்சேன், அப்படியே கைப்பிடியோட ஒட்டிக்கிச்சு. டிப்போல எந்த வண்டில ஏறினாலும் மொதல்ல பிரேக்தான். பஸ்ல கால், இதுல கை, தானா போயிடும். ரெண்டு மூணு தடவ பிடிச்சதும் கெட்டியாயிடுச்சு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிப்போவில் முதல் நாள் யாரோ ஒரு சூப்பர்வைசர் இவரை அதட்டி அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார். முகம் தெரியாத அந்த ஆள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இவரை இனி இந்த ஜென்மத்தில் திட்டுவதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். அது நடக்காது என்பது வேறு விஷயம்.

"இனிமே நான் கை வைக்க மாட்டேன்ங்க. சர்வீஸ்லயே விட்டுடுங்க."

அவர் பிரேக்கை இன்னொரு தடவை பிடித்து விட்டார்.

"நான் ஓட்டற பஸ்ஸ யாரு பழுது பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் என்னைத் தெரியாது. ஏதாவது விட்டுப்போச்சுன்னா யாரும் இப்படி செருப்பில்லாம ஓடி வரமாட்டாங்க."

குனிந்து பார்த்தேன். வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன்.

"நீயே ஒருதடவ பாத்து சொல்லு. அப்பதான் பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போவேன்."

கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. மண்டியிட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டேன். வண்டியைத் தள்ளச் சொல்லிப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

"ம், போங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பிச் சரிவில் நிதானமாக இறங்கிப் போனார். சட்டையில் என் கை தூரத்திலும் தெரிந்தது. தெருமுனையில், குறுக்கே எந்த வண்டியும் இல்லாதபோதே, பின்விளக்கு சிவப்பாக எரிந்து வண்டி நின்றது. விளக்கு அணைந்தது. அவர் கிளம்பவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மறுபடி எரிந்தது, மறுபடியும்.