ஜெயசீலிக்கு நான் எடுத்த வகுப்பு

என் மகள் ரியாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க நான் ஆசைப்பட்ட பள்ளியில், குழந்தையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்களாம். அதுவும் ஆங்கிலத்தில். அந்த சீட்டு கிடைத்தே தீர வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் மனைவி ஜெயசீலிக்கு நானே வாத்தியார் ஆனேன். அம்பத்தூர் அலுவலகத்தில் அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டிலும் அதே புத்தி.

ஜெயசீலி பட்டாபிராமில் தமிழ்வழியில் படித்தவள். சரியான வாயாடி. காய் வாங்கப் போனால் கடைக்காரம்மாவின் மருமகள் சண்டைவரை கேட்டுக்கொண்டுதான் திரும்புவாள்.

‘ஹி, ஷி, ஹிஸ், ஹெர், மை’ என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ‘ஷி’ என்று சொல்லாமல், பலரைக் குறிக்கும் ‘தே’ என்றாள்.

"மாமியாரப் போயி அவ இவன்னு எப்டிங்க சொல்றது? வாய் கூசுது."

"இங்கிலீஷ்ல மரியாதையெல்லாம் கெடையாது. சொன்னத சொல்லு."

எங்க வீட்டுக்காரர் என்று நம் பெண்கள் சொல்வதை அவள் அப்படியே ஆங்கிலமாக்கினாள். ‘மை ஹஸ்பண்ட்’ வரவில்லை. ‘எங்கள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு ‘அவர் ஹஸ்பண்ட்’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் அமல்ராஜ் வீட்டில் சாப்பிடும்போது, அதை நான் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன்.

"டேய் ஜாக்சன், உன்ன எத்தினி பேருக்குடா பங்கு வச்சிகீறா?" என்று அண்ணன் கேட்டார். வீடே சிரித்தது. ஜெயசீலியும் சிரித்தாள். பிறகு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். புருவம் லேசாக நெரிந்தால் மீதியை விழுங்கிவிடுவாள். தப்பு குறைகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். குறைந்தது தப்பு இல்லை, பேச்சு. மடையன் எனக்கு அது புரியவில்லை.

நேர்காணல் நாளில் தலைமையாசிரியையான சிஸ்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பொரிந்து தள்ளினேன். பிறகு ஜெயசீலியின் முகத்தைப் பார்த்தவர், தமிழுக்கே வந்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, தமிழ்லயே சொல்லுங்க. பாப்பா அழுதா எப்படிச் சமாதானம் பண்ணுவீங்க?"

அவளைத் தவிர யாருக்குத் தெரியும் அது? வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"அவரே சொல்லுவாரு, சிஸ்டர்."

எனக்குத் தெரியவில்லை. ரியா அழும்போது நான் ஒருநாளும் அவளைத் தூக்கியதில்லை. பொம்மை, அது இது என்று உளறினேன். சிஸ்டர் எதையோ குறித்துக்கொண்டார்.

சீட்டு பிற்பாடு கிடைத்தது. இன்றுவரை அந்தப் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று அதே வாசலில் வைத்துத்தான் அவளிடம் கத்தினேன்.

"தமிழ்லதானடி கேட்டாங்க? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"தப்பா சொல்லிட்டா புள்ளைக்கு சீட்டு பூடும்னு நெனச்சேன்."

"உன் புள்ளையப் பத்தி நீ சொல்றதுல இன்னா தப்பு வரும்?"

ரியாவின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டே, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்:

"எனக்கு இன்னா தெரியும்? எது தப்புன்னு நீங்கதான சொல்லணும்."