விருந்தாளி தங்கிய படிகம்

மாதக்கணக்கில் காத்திருந்து படிகம் வளர்ப்பவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளைப் ‘பொறுமை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காட்மியமும் சயனைடும் கைகோத்து ஒரு கூடு கட்டும். உள்ளே வந்து உட்காரும் விருந்தாளி மூலக்கூறு எதுவோ, அதற்கேற்பக் கூட்டின் வடிவமே மாறிவிடும். ஒன்றுக்குக் குவார்ட்ஸ் போன்ற கட்டுமானம், இன்னொன்றுக்குக் களிமண் போன்ற அடுக்கு. சரியான விருந்தாளி கிடைத்தால் யாரும் பார்க்காத வடிவம் ஒன்று வரும் என்று சொன்னவன் அவள் கணவன்.

“அது வளர்ந்த அன்னைக்கே பிளைட் ஏறிடுவேன்” என்று சொல்லிவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போனான். அதன்பிறகு மாலையில் வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வராது. படிகத்துக்காகக் காத்திருக்க இருந்த பொறுமை அவனுக்காகக் காத்திருக்க இல்லை.

அன்று காலை குப்பியின் அடியில் அறுகோண ஊசிகளாகப் படிகங்கள் மினுமினுத்தன. உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“வந்துடுச்சுங்க.”

“நிஜமாவா? பார்சல்ல அனுப்பேன்.”

“திரவத்தை விட்டு எடுத்தா விருந்தாளி ஆவியாப் போயிடும். கூடு இடிஞ்சு பொடிதான் மிஞ்சும்.”

“சரி, போட்டோ அனுப்பு. அது போதும்.”

அந்தப் ‘போதும்’ அவளுக்குச் சுருக்கென்றது. நுண்ணோக்கியில் எடுத்த படம் பளிச்சென்று அவள் கைபேசியில் இருந்தது.

“போட்டோ சரியா விழலைங்க. நேர்ல பார்த்தாத்தான் தெரியும்.”

அவள் எடுக்கும் படம் ஒருநாளும் சரியாக விழாமல் போனதில்லை என்று அவனுக்குத் தெரியாதா?

“லீவு கேக்குறேன்” என்றான், குரல் இறங்கி. “நான் வர்ற வரைக்கும் குப்பி மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துக்க.”