ரொட்டிக்காரனின் இடக்கண்

அப்லா வதாத்தை ஒரு ரொட்டி சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது நான் கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்தேன்.

ஷுப்ராப் பேட்டையில், எங்கள் தெருவின் மருந்துக்கடை முக்குதான் என் இடம். ஆபீஸ் விட்டுப் போகிற பெண்கள் வாங்கிக்கொள்ள, அரிசி அடைத்துச் சமைக்கக் குடைந்த கத்தரிக்காய், உரித்த பட்டாணி, ஆய்ந்த முலூகிய்யாக் கீரை எல்லாம் பைகளில் போட்டு வைத்திருப்பேன். என் கணவன் பய்யூமி தினமும் நாலைந்து தடவை அந்த முக்கைக் கடந்துதான் போவான். தலையில் ஆளுயர ஈச்ச மட்டைத் தட்டு, அதன்மேல் அடுக்கிய சூடான ரொட்டி. ஒரு கை தட்டில், ஒரு கை ஹேண்டில்பாரில். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறான்.

அப்லா வதாத் எங்கள் இரண்டு பெண்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர். டீச்சர்களை நாங்கள் அப்லா என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள்.

"இடிச்சது யாருன்னு யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அந்தத் தட்டுக்குக் கீழ மூஞ்சி எங்க தெரியுது?" என்றான் மருந்துக்கடை ரம்ஸி. "பிசாசு மாதிரி வர்றானுங்க, போறானுங்க. உன் வீட்டுக்காரனும் அதுல ஒருத்தன்தானே."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குக் கத்தி கையிலிருந்து நழுவியது.

அன்று மதியம் பய்யூமி சாப்பிடவில்லை. இடது முழங்கையில் தோல் வழன்றிருந்தது. "தட்டு உரசிருச்சு" என்றான். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்வதுதான் சரி.

மூன்று வாரம் கழித்து பேட்டை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் ஒட்டினார்கள். சுமை ஏற்றி சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பெயரைப் பதிய வேண்டும். கண் பரிசோதனை, ஓட்டிக் காட்டும் சோதனை இரண்டிலும் தேறினால் சைக்கிளுக்கு நம்பர் பலகை தருவார்கள். பலகை இல்லாத சைக்கிளைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள்.

தெரு இரண்டாகப் பிரிந்துவிட்டது. எதிர் காபிக்கடையில் அத்தியா குதித்தான். அவனும் பய்யூமியோடு அதே ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து ரொட்டி தூக்குகிறவன்.

"சைக்கிளுக்குப் பரீட்சையாம்! நாளைக்குக் கழுதைக்கும் வைப்பாங்க. மைக்ரோபஸ்காரன் நாலு பேர நசுக்கிட்டுப் போறான், அவன ஒரு பய கேக்க மாட்டான். இளிச்சவாயன் நாங்கதானா?"

"மைக்ரோபஸ்ல நம்பராவது இருக்குடா," என்று ரம்ஸி கடையிலிருந்தபடியே கத்தினான். "அப்லாவ இடிச்சவனுக்கு என்ன இருக்கு? ஒரு பலகை இருந்திருந்தா இந்நேரம் அவன் உள்ள இருப்பான்."

பய்யூமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த வம்பிலும் முதல் ஆளாக நாக்கை நீட்டுகிறவன் அவன். அன்று சைக்கிள் மணியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தான்; நான் அதைக் கவனித்துவிட்டேன்.

மறுநாள் மதியம் அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். நான் தேநீர்க் கிளாசை நீட்டினேன். அவன் கை நீளவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் சுட்டது.

"எவ்வளவு நேரம்யா நிக்கிறது? கை வேகுது!"

அவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். தோள் பட்டு கிளாஸ் சாய்ந்து தேநீர் பாயில் ஓடியது. நான் நின்றிருந்தது அவனுக்கு இடப்பக்கம். ஒன்றும் பேசாமல் கையை அவன் இடக்கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை ஆட்டினேன். இமை அசையவில்லை.

"பய்யூமி, இப்ப என் கை எங்க இருக்கு?"

அவன் பாயில் ஓடிய தேநீரைத் துணியால் ஒற்ற ஆரம்பித்தான்.

"சொல்லுய்யா, எங்க இருக்கு?"

"எட்டு மாசமா தெரியல, இத்திமாத்," என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "சர்க்கரைனால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. வைத்தியம் பண்ணலேன்னா அடுத்ததும் போயிரும்னாரு. வைத்தியத்துக்குப் போனா வேலைய விடணும். எப்படிச் சொல்ல?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கேட்கக்கூடாது என்று இருந்தது. கேட்டேன்.

"அப்லாவ இடிச்சது?"

பெரியவள் ஹனான், சின்னவள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பய்யூமி ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"இடப்பக்கத்துல ஏதோ இடிச்சுது. கார் கண்ணாடின்னு நெனச்சேன். பின்னால சத்தம் கேட்டுச்சு. பொம்பளை சத்தம். நின்னிருக்கணும். காலு நிக்கல, இத்திமாத். காலு பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே போயிருச்சு."

அன்றிலிருந்து எனக்கு மூன்று பயம். போலீஸ் வருமோ என்பது ஒன்று. வலக்கண்ணும் போய்விடுமோ என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னைத் தின்றது. முக்கில் உட்கார்ந்து சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தெருவின் இடப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு பையன் பந்தோடு நிற்பான். ஒரு கிழவர் செருப்பைச் சரிசெய்துகொண்டிருப்பார். பய்யூமி கடந்து போகும்வரை மூச்சு விடமாட்டேன். போன பிறகு அடுத்த நடைக்காகப் பயப்பட ஆரம்பிப்பேன்.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அவனைச் சோதனையில் தேறவைத்தது நான்தான். பலகை இல்லாவிட்டால் சைக்கிள் இல்லை, சைக்கிள் இல்லாவிட்டால் கூலி இல்லை.

ஒரு மாதம் கழித்துச் சோதனை தொடங்கியது; அத்தியா முதல் ஆளாகப் போய்ப் பலகையோடு திரும்பினான். "ஒண்ணுமே இல்லப்பா. மூக்குக்கண்ணாடிக் கடையில தொங்குதே வாய் பொளந்த வளையங்க, அதே அட்டைதான். ஒரு கண்ண மூடிக்கிட்டு வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு கையக் காட்டணும். அப்புறம் அடுத்த கண்ண மூடணும். மேலேர்ந்து ஆறு வரி. முடிஞ்சுது சோலி."

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஹனானுக்குக் கண்ணாடி வாங்கப்போவதுபோல் ஒவ்வொரு சட்டமாகப் புரட்டினேன். கடைக்காரர் உள்ளே போன நேரத்தில் அந்த ஆறு வரியையும் முலூகிய்யா கட்டுகிற தாளின் பின்புறம் வரைந்துகொண்டேன். அவசரத்தில் வளையங்கள் முட்டை முட்டையாக வந்தன.

பத்து நாள் மதியம் மதியமாக உட்கார்ந்தோம். வலக்கண்ணை மூடச்சொல்லி நான் கேட்பேன். அவன் இருட்டைப் பார்த்துச் சொல்வான்.

"மூணாவது வரி?"

"வலது, வலது, கீழ, மேல, இடது."

"தப்பு. கீழக்கு அப்புறம் இடது. அதுக்கப்புறம்தான் மேல."

"உன் புருஷன் டாக்டர் பட்டத்துக்கு படிக்கிறான்டி" என்று ஒருநாள் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சோதனை இளைஞர் மன்றத்தின் பந்து மைதானத்தில் நடந்தது. வேலிக்கு வெளியே பெண்களோடு நானும் நின்றேன். வெள்ளைக் கோட்டுக்காரர் அட்டையில் குச்சியை வைத்தார். பய்யூமி வலக்கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டினான். மேலே, வலது, கீழே. குச்சியின் முனை அவனுக்குத் தெரியவே தெரியாது. குச்சி அட்டையில் தட்டுகிற சத்தத்தை எண்ணி, மனப்பாடம் பண்ணின வரிசையில் காட்டினான். நாலாவது வரியில் அந்த மனிதர் ஒரு கணம் நிறுத்தினார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் தும்மத்தான் நிறுத்தியிருக்கிறார்.

பிறகு தட்டோடு ஓட்டச் சொன்னார்கள். டயர்களை வரிசையாக வைத்து இடையில் வளைந்து போகவேண்டும், விசிலடித்தால் நிற்கவேண்டும். பய்யூமி ஓட்டினதைப் பார்த்து வேலியோரம் கைதட்டினார்கள். "ஓட்டுனா இப்படி ஓட்டணும்டா!" என்றார் ஒருவர். யாரும் அவனுக்குக் குறுக்கே இடப்பக்கத்திலிருந்து நடந்து வரவில்லை. சோதனையில் அது இல்லை.

அரசாங்கமே தேறிவிட்டான் என்று பலகை கொடுத்துவிட்டது. இனி அவனைச் சந்தேகிக்க இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். பலகையைத் திருகாணி போட்டு முடுக்கும்போது அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தது நான்தான்.

நாலாம் நாள் காலை. பள்ளிக்கூட நேரம். உரித்த பட்டாணி மடியில் இருந்தது. மணிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பய்யூமி பேருந்து ஒன்றை முந்திக்கொண்டு வந்தான். தட்டு நிறைய ரொட்டி, ஆவி பறந்தது. அவனுக்கு இடப்பக்கம், நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிறுமி இறங்கினாள். ஐந்து வயது இருக்கும். முதுகைவிடப் பெரிய பை. அவள் என் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தாள். பய்யூமியின் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. அவன் அவளை நேராகப் பார்த்துக்கொண்டு வருவதுபோலத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டாணி சிதற எழுந்து ஓடினேன். சைக்கிளின் முன் சக்கரத்தின்மேல் அப்படியே விழுந்தேன்.

தட்டு வானத்தில் போய் வந்தது. ரொட்டிகள் தெரு முழுக்கச் சிதறின. பய்யூமி பேருந்தின் பக்கம் சாய்ந்து விழுந்தான்; பேருந்து முக்கி முனகி நின்றது. அவன் காலுக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சிறுமி நின்ற இடத்திலேயே நின்று அழ ஆரம்பித்தாள்.

"பைத்தியக்காரி! என்னைக் கொல்லப் பாத்தியா?" பய்யூமி எழுந்து கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. ரொட்டியை மிதிக்காமல் பொறுக்கி, தூசி தட்டி, சுவரோரம் வைத்துக்கொண்டே எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ளையப் பாத்தியா நீ?" என்றேன்.

"எந்தப் புள்ள?"

அவள் அவனுக்கு இடப்பக்கம் இரண்டு அடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவன் சத்தம் வந்த பக்கம் முழுத் தலையையும் திருப்பினான். அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"இவருக்கு இடக்கண் தெரியாது," என்று நான் சொன்னேன். சொல்ல நினைத்ததைவிடப் பெரிய குரலில் வந்துவிட்டது. "நான்தான் அட்டைய மனப்பாடம் பண்ணவச்சு அனுப்பினேன். அப்லா வதாத்த இடிச்சதும் இவர்தான்."

ரம்ஸி கடை வாசலில் அப்படியே நின்றான். அத்தியா தன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, "அண்ணி, வாய மூடு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று என் தோளைப் பிடித்தான். நான் மூடவில்லை. மூடினால் பிறகு ஒருநாளும் திறக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பதினொரு நாள் பய்யூமி என்னோடு பேசவில்லை. தண்ணீர்கூட மகள்களிடம்தான் கேட்டான். அடுப்பு முதலாளி ஹாஜி ஃபர்கலி அவனைச் சைக்கிளிலிருந்து இறக்கி மாவு உருட்டும் மேடைக்கு அனுப்பினார். சைக்கிளின் நம்பர் பலகையைப் பேட்டை அலுவலகத்தார் கழற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் பாதிப்பேர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். "புருஷனைக் காட்டிக் கொடுத்தவ" என்று ஒருத்தி என் காதில் விழச் சொன்னாள். அந்தச் சிறுமியின் அம்மா மட்டும் தினமும் வந்து தேவையோ இல்லையோ இரண்டு பை பட்டாணி வாங்கிப்போனாள்.

பன்னிரண்டாம் நாள் பய்யூமி சட்டை மாற்றிக்கொண்டு, "எந்திரி, அப்லா வீட்டுக்குப் போவோம்" என்றான்.

அப்லா கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் நாலுகால் ஊன்றுகோல். விஷயம் அவர் காதுக்கு முன்பே வந்திருந்தது. பய்யூமி வாசலிலேயே நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். கால் நிற்காமல் மிதித்ததையும் சொன்னான்.

அப்லா ஊன்றுகோலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரியில பாக்க வந்தவங்க எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா பய்யூமி? 'வயசாயிருச்சு அப்லா, நீங்கதான் பாக்காம எறங்கியிருப்பீங்க'ன்னாங்க. நானும் நம்பிட்டேன். என் கண்ணு, என் காது, என் புத்தி, ஒண்ணுமே சரியில்லேன்னு நெனச்சேன். மூணு மாசமா ஜன்னல்கிட்ட போகக்கூடப் பயம். எலும்ப ஒடச்சது ஒரு பக்கம். இத நீ வந்து சொல்ல மூணு மாசமா?"

"மன்னிச்சிருங்க அப்லா."

"இன்னிக்கு மன்னிக்கமாட்டேன். வரலை மனசுல. ஆஸ்பத்திரியிலேயே போலீஸ் எழுதிக்கிட்ட கேஸையும் வாபஸ் வாங்கமாட்டேன். நீ ஸ்டேஷன்ல போய் இதே மாதிரி சொல்லு." பிறகு என்னைப் பார்த்தார். "அந்த வலக்கண்ணுக்கு வைத்தியம் பாத்தாச்சா?"

பார்க்கவில்லை. மறுவாரம் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலக்கண்ணிலும் கசிவு தொடங்கியிருந்தது. இன்னும் சில மாதம் வைத்தியம் பார்க்காமல் சைக்கிளிலேயே இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றாள் சின்ன வயது டாக்டரம்மா. ஒளிக்கதிர் வைத்து மூன்று தடவை சுட்டார்கள். இப்போதைக்கு நிற்கிறது. இப்போதைக்கு என்றுதான் அவளும் சொன்னாள்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தாயிற்று. சிறைக்கு அனுப்புவார்களா, விட்டுவிடுவார்களா என்று எங்கள் வக்கீலுக்கே தெரியவில்லை. அத்தியா இன்னமும் காபிக்கடையில் கத்துகிறான். "பாத்தீங்களா, பரீட்சை வச்சும் என்ன கிழிச்சாங்க? குருடனுக்குப் பலகை குடுத்தாங்க!" ரம்ஸி அதற்கு, "அப்ப பரீட்சைய இன்னும் கடுசாக்கணும்டா மூதேவி" என்கிறான். என்னிடமும் கேட்கிறார்கள். ஏமாற்றிய எனக்கு என்ன சொல்ல உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தத் தாள் ஒட்டப்படாமல் இருந்திருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன், பய்யூமியும் வாயைத் திறந்திருக்கமாட்டான் என்பது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை கோர்ட்டில் வாய்தா. அப்லாவும் வருகிறாராம், இரண்டு மாடி ஏறவேண்டும் என்றதற்கு, ஏறுவேன் என்றாராம். பய்யூமி நேற்றே தன் நல்ல ஜல்லாபியா அங்கியை எடுத்து வைத்துவிட்டான். அப்பா அன்றே திரும்பி வருவாரா என்று கேட்கிற மகள்களிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று நாங்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை.