ஓஸெல்லாவுக்கு ஒரு வரி

பிரசவத்தில் என் மனைவி ஓஸெல்லா இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. மறுநாள் மதியம், மிசிசிப்பிக் கரையில் பருத்திக் காட்டை ஒட்டிய எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது.

எங்கள் சபையில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. சபையை நடத்தும் டீக்கன் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை இழுத்து, நீட்டித் திருப்பிப் பாடுவார்கள். அவர் எடுக்காவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அன்று டீக்கன் டாலிவர் எடுக்கவில்லை.

"ஜெபம் முடிஞ்சுது. மண்ணைத் தள்ளுங்க."

"பாட்டு?" என்றேன்.

"வாத்தியாரே, சனிக்கிழமையானா சாராயக் கொட்டகையில ப்ளூஸ் பாடினவ அவ. பிசாசுப் பாட்டு. அவளுக்குச் சபை பாடாது."

அந்தக் கொட்டகையில் அவளுக்குக் கிட்டார் வாசித்த அவளுடைய அண்ணன் கிளியோத்தா முன்னால் வந்தான். "நீரு அந்தக் கொட்டகைப் பின்சுவர்ல சாஞ்சு நின்னதே இல்லையாக்கும்? கேட்டா, வறுத்த மீன் வாங்க வந்தேம்பீரு!"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"வாயை மூடுடா, குடிகாரப் பயலே."

"பாட்டில்லாம அவளைப் புதைக்க விடமாட்டேன்" என்றேன். மண்வெட்டிகள் நின்றன. டீக்கன் கையைக் கட்டிக்கொண்டார்.

"மாப்ள, அப்ப நீயே எடு" என்றான் கிளியோத்தா.

எனக்குப் பாட வராது. தோத்திரப் பாட்டு ஒன்றுகூட நினைவில் வரவில்லை. வெள்ள வருஷத்தில் அவள் கட்டிய பாட்டுதான் வந்தது.

"ஆத்துத் தண்ணி ஏறி வருது, என் கட்டில் காலைத் தொடுது..."

குரல் உடைந்தது. ஆனால் வரி விழுந்துவிட்டது. விழுந்த வரியை எடுத்து இழுப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பெண்கள் பக்கம் ஒரு முனகல் கிளம்பியது. ஆண்கள் சேர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் டீக்கனின் கட்டைக் குரல் கேட்டது.

பாதியில்தான் எதைப் பாடுகிறோம் என்று அவருக்கு உறைத்தது. திறந்த வாயுடன் நின்றார். அவர் மனைவி கண்ணை மூடி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியவரே, பாதியில இறங்கிட்டீரு?" கிளியோத்தாவின் குரலில் இப்போது கேலி இல்லை. "அவ உம்ம சபையில ஞானஸ்நானம் வாங்கினவதான்."

டீக்கன் குழியைப் பார்த்தார்.

ப்ளூஸில் முதல் வரி இரண்டு தடவை வரும். இரண்டாம் தடவை அதை அவர் எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் வரி எனக்கு. பாடும்போதே மண் விழத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை.