வாய் திறக்காமல் ஏறும் மலை

மலையேறும் வழியில் கணவர் ஜெவ்தெத் ஒரு கல்லில் உட்கார்ந்ததும் நெஸ்ரின் பதறி வாயைத் திறந்தாள். அவர் உதட்டின்மேல் விரலை வைத்து அவளை அடக்கினார்.

அன்று ஏப்ரல் இருபத்துமூன்று, கோயில் திருநாள். புயுக்கடா தீவின் குன்றில், அடிவாரத்திலிருந்து உச்சிக் கோயில்வரை ஒரு வார்த்தை பேசாமல் ஏறினால் வேண்டியது நடக்கும். கிறிஸ்தவர் கோயில்தான், ஏறுகிற கூட்டத்தில் முக்கால்வாசி முஸ்லிம்கள். தேவை என்று வந்துவிட்டால் யார் வீட்டு வாசல் என்றா பார்ப்பது? நெஸ்ரினுக்குத் தேவை இருந்தது. மகள் பெலினுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. நாலாவது இப்போது ஐந்தாம் மாதம். அசையக் கூடாது, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் அவளைப் படுக்கையில் போட்டிருந்தார். அவளுக்காகத்தான் காலையில் எதிர்க்கரையான கர்தாலில் கப்பல் ஏறி வந்தார்கள்.

தீவில் கார் கிடையாது. அடிவாரம்வரை போகும் குதிரை வண்டிக்கு இரண்டு மணி நேர வரிசை. அதில் நிற்கும்போதே ஜெவ்தெத் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

வண்டியில் ஏறியதும், “நீங்க கீழயே உக்காருங்க, நான் மட்டும் ஏறிட்டு வரேன்” என்றாள்.

“உன்னால பேசாம ஏற முடியுமா? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் நான் பாத்ததில்லையே. காவலுக்கு நான் வரணும்.”

வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

இப்போது, பாதி மலையில், அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல் மட்டும் உதட்டை விட்டு இறங்கவில்லை. நீ போ என்று கண்ணால் மேலே காட்டினார். அவள் போகவில்லை; பேசவும் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கினால் எழுந்துவிடுவார் என்று நின்றாள். உச்சி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. நாலாவது பிள்ளை இது. சுற்றிலும் ஜனங்கள் ஊமைகளாக ஏறிப் போனார்கள். இரண்டு பேர் நின்று பார்த்து, கேட்க முடியாமல் நகர்ந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. அந்த விரல் நழுவி மடியில் விழுந்த பிறகுதான் கத்தினாள்.

“யாராவது வாங்களேன்! என் வீட்டுக்காரர் போறாரே!”

யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு, ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் வேண்டுதலுக்காக வழிநெடுக அவிழ்த்துவந்த நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டு, “கீழ வண்டி நிக்குது, தூக்குங்க!” என்றாள். அவள் வேண்டுதல் என்னவோ, பாவம். அதன் பிறகு நாலு குரல், பத்துக் குரல்.

அவரை அடிவாரத்துக்குத் தூக்கிவந்தபோது அதே வண்டிக்காரன்தான் நின்றான். ஏறி உட்கார்ந்திருந்தவர்களை, “இறங்குங்க சார், ஊர் சுத்தற நேரமா இது!” என்று இறக்கிவிட்டான். குதிரைகளைப் பேயாக விரட்டினான்.

“அக்கா, அவர்கிட்ட பேசிக்கிட்டே வாங்க! விட்றாதீங்க!”

இப்போது பேசச் சொல்கிறான். நெஸ்ரின் பேசினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திட்டினாள், கெஞ்சினாள், தன்னையே சபித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வண்டியில் ஏறிப் பார்த்தார். இறங்கும்போது அவரிடம் அவசரம் இல்லை.

உள்ளே கிடத்தினார்கள். போர்த்தத் துணி எடுத்துவர நர்ஸ் போனபோது கைபேசி அடித்தது. பெலின்.

“அம்மா, ஏறிட்டீங்களா? பேசலையே?”

சொன்னால் அந்த உயிரும் போய்விடும்.

“பேசலம்மா. ஒரு வார்த்தை பேசல.”

“நிஜமா? நீயா?” பெலின் சிரித்தாள். “அம்மா, இன்னிக்கு உதைக்குதும்மா. மொத தடவை! அப்பாகிட்ட குடு, நானே சொல்றேன்.”

“அப்பா இன்னும் மௌனத்துல இருக்கார். நீ சொல்லு. கேட்டுக்குவார்.”

கைபேசியை அவர் காதோடு வைத்தாள். பெலின் சொல்லிக்கொண்டே போனாள். வெள்ளைத் துணியோடு வாசலுக்கு வந்த நர்ஸைப் பார்த்து, கொஞ்சம் நில் என்று நெஸ்ரின் இன்னொரு கையை உயர்த்தினாள்.