ஈரக்கால்காரரின் விடுப்பு

போர் முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து ராணுவ லாரி டிரைவரின் இரண்டு கால்களிலிருந்தும் ஆற்றுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது வேர்வையும் இல்லை, நோயும் இல்லை. நடுக்கோடையிலும் சில்லென்று இருக்கும், கொஞ்சம் வண்டல் கலந்திருக்கும், எப்போதாவது நகத்தளவு மீன் ஒன்று துள்ளி விழும். அரசு மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர் களிம்பு கொடுத்தார், ஒருவர் உப்பைக் குறைக்கச் சொன்னார், மூன்றாமவர் தன் வீட்டுத் தோட்டத்தில் வந்து கொஞ்ச நேரம் நடக்க முடியுமா என்று கேட்டார். ஊர் அவருக்கு ஈரக்கால்காரர் என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று. பஸ் டெப்போவில் அவருக்கு வேலை கிடைத்தது. பிரேக்கில் கால் வழுக்காமலிருக்க மெக்கானிக் பழைய டயரை வெட்டிப் பெடலில் ஒட்டிக் கொடுத்தார். முன் வரிசைப் பயணிகள் பையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு சொல்வாங்க. நம்மாளுக்கு ரெண்டுமே ஆத்துலதான்” என்று கண்டக்டர் சொல்லிச் சொல்லி, அவர் ஓய்வு பெறுவதற்குள் அந்த நகைச்சுவை தேய்ந்தே போயிருந்தது.

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். காலையில் ஒருமுறை, வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை தரையைத் துடைப்பாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டதில்லை. போருக்குப் போன ஆண்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது அவள் கட்சி. எதிர்வீட்டுக்காரர் ஓயாத இருமலைக் கொண்டுவந்தார், டெப்போ காவல்காரர் குடியைக் கொண்டுவந்தார், அவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவோ தேவலை என்று தரை துடைக்கும் மாப்பைப் பிழிந்துகொண்டே சொல்வாள். மனத்தில் ஒரே ஒரு குறைதான். மகள் பிறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அவர் திரும்பி வந்த பிறகு சொன்னார். பிரசவ வார்டில் ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஓர் ஆண் அசட்டுச் சிரிப்போடு நின்றிருக்க, இவள் மட்டும் தனியாகக் கிடந்து, கேட்ட நர்ஸிடமெல்லாம் “சண்டை நடக்குதுல்ல, லீவு குடுக்கலைங்க” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையையும் பெற்றாள், பிறகு வந்த எல்லாக் கஷ்டத்தையும் கடந்தாள்.

மகள் வளர்ந்து கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலைக்குப் போய், அவளுக்கே படிக்கிற கண்ணாடி தேவைப்பட்ட வயதில், அந்தப் பழைய போரில் எல்லை ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கெல்லாம் பதக்கம் என்று அரசு அறிவித்தது. நகர மண்டபத்தில் பட்டியல் ஒட்டினார்கள். சமையற்காரர் பெயர் இருந்தது, முடிதிருத்துகிறவர் பெயர் இருந்தது, அப்பா பெயர் இல்லை. மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். அது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. ஆற்றங்கரைச் சண்டை நடந்த மூன்று வாரமும் டிரைவர் போர்முனையிலேயே இல்லை, மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பில் போய்விட்டார், எனவே பதக்கத்துக்குத் தகுதியில்லை என்று பதில் வந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் மகள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனவள், தன் பிறந்த நாளும் அந்த மூன்று வாரத்துக்குள் இருப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். படித்த வரைக்கும் போதுமானதாக இருந்தது.

“லீவு கிடைக்கலன்னு சொன்னீங்க” என்றாள் மனைவி. “கிடைச்சிருக்கு. வீட்டுக்கு வரல. அப்ப எங்க போனீங்க?”

“அதை மட்டும் கேக்காதம்மா” என்றார் அவர்.

அதற்கு மேல் கல்லும் கரையக் கேட்டும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் பெயரவில்லை. அவள் மாப்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள். தன் படுக்கையை மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். தண்ணீர் முதல் வாரத்தில் கூடத்தை நிறைத்தது, அடுத்த வாரத்தில் வாசற்படி தாண்டித் தெருவுக்கு இறங்கியது. இவ்வளவு காலமும் கண்டுகொள்ளாத தெரு இப்போது காது கொடுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லீவில் அவர் தங்கியது ஒரு தையல்காரி வீடு என்றார்கள் சிலர். தையல்காரியே இல்லை, டீச்சர் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். மனைவி மருந்துக் கடையில் பில் போடும்போது கூட்டலில் தப்புச் செய்ய ஆரம்பித்தாள். அவளுக்குப் பதக்கம் வேண்டாம். பிரசவ வார்டில் தான் பெருமையாகச் சொன்னது பொய்யா, மெய்யா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

மகள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் விசாரித்து, அப்பாவின் பழைய கேப்டன் ரயிலில் அரை நாள் தூரத்தில் தங்கையோடு மாடி வீட்டில் வசிப்பதாகத் தெரிந்துகொண்டு போனாள். தள்ளாத வயது, ஆனால் முதுகு மட்டும் வளையவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அவள், “எங்கப்பா கால்லேருந்து தண்ணி வடியுதுங்க” என்று தொடங்கினாள். கேப்டன் ஆச்சரியப்படவில்லை. சில்லென்றிருக்குமா, வண்டல் இருக்குமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவளோடு ரயிலேறி வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றி, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அந்த வயதில் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி நடந்தார். எந்த ஆறு என்று கால் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“டிரைவர், அன்னைக்கு நீ குடுத்த வாக்கைக் காப்பாத்தினது போதும்டா. விட்டுடு. நானே சொல்றேன்.”

ஈரக்கால்காரர் விறைப்பாக எழுந்து நின்றார். அவர் நின்றபடியே இருக்க, கேப்டன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். விடுப்பு உண்மையாகவே கையெழுத்தாகியிருந்தது. லீவு பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையும் கையுமாக இவர் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் பாலம் உடைந்த செய்தி வந்தது. அக்கரையில் ஒரு படைப்பிரிவே மாட்டிக்கொண்டது. இவர் யாரையும் கேட்கவில்லை. சாமான் ஏற்றி நின்ற லாரியை எடுத்துக்கொண்டு போய் வெள்ளத்துக்குள் இறக்கி, பாலத்தின் உடைந்த தூணில் முட்டி நிறுத்தினார். ஆட்கள் லாரிக் கூரை மேல் ஏறி இக்கரைக்கு வந்தார்கள். நடக்க முடியாதவர்களை இவர் தோளில் தூக்கி வந்தார். “கடைசியா தூக்கிட்டு வந்தது என்னை” என்றார் கேப்டன். எல்லோரும் வந்த பிறகு லாரி போய்விட்டது. உத்தரவில்லாமல் ராணுவ லாரியை ஆற்றில் விட்டால் விசாரணை, சிறை. வெள்ளத்தில் நனைந்து ஜன்னியில் கிடந்த இவரைக் காப்பாற்ற கேப்டனுக்கு ஒரு வழிதான் தோன்றியது. டிரைவர் லீவில் போய்விட்டார், லாரி கரையில் நின்றிருந்தபோது வெள்ளம் கொண்டுபோயிற்று என்று எழுதினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இவரை முகாம் மருத்துவமனையின் பின்கட்டில் மூன்று வாரம் பெயரில்லாமல் படுக்க வைத்திருந்தார்கள். ஆளே இல்லாத இடத்தில் வீரத்தை யார் எழுதுவது? பதக்கமும் லாரியோடு போயிற்று.

 மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“பொண்டாட்டிகிட்டகூட சொல்லாதேன்னாரு.”

“அய்யோ, அது எல்லாரும் பேச்சுக்குச் சொல்றதும்மா” என்று கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். “நிஜமாவே சொல்லாம இருப்பான்னு யாருக்குத் தெரியும்?”

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தும் செய்தாள். பிறகு கேப்டனுக்கு டீ போட்டுக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். “நீங்க அப்படி எழுதலைன்னா இவர் ஜெயில்ல இருந்திருப்பாரு, என் புள்ளைக்கு அப்பா இருந்திருக்க மாட்டாரு. உங்களுக்கு நன்றிங்க. ஆனா கோவமும் இருக்கு. ரெண்டையும் வாங்கிக்குங்க” என்றாள். கேப்டன் இரண்டையும் வாங்கிக்கொண்டார். அன்று மாலை படுக்கை பழைய இடத்துக்குத் திரும்பியது.

மகள் மறுபடியும் எழுதிப் போட்டதன் பேரில் ராணுவப் பதிவைத் திருத்தும் குழு கூடியபோது மூன்று உறுப்பினர்கள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பொய் எழுதியது நான்தான் என்று கேப்டன் ஒப்புக்கொண்டு, அந்த ஆற்றுக்காகத் தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். லாரிக் கூரை மேல் நடந்து வந்தவர்களில் ஒருவர் இப்போது பேக்கரி வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு, கையில் மாவோடு வந்து சாட்சி சொன்னார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், உயிர் கொடுத்தவரை எவ்வளவு நினைப்பதென்று யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லி அவர் அழுதபோது சுருக்கெழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.  ஈரக்கால்காரர் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் மேசைக்கு அடியில் பரவி, உறுப்பினர்களின் கால்களை எட்டியது. தண்ணீரைச் சாட்சியாக ஏற்க விதியில்லை என்றார் குழுத் தலைவி. ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

திருத்தம் வந்தது. விடுப்பு அடிக்கப்பட்டு, பணியில் இருந்தார் என்று ஏறியது. போர்முனைப் பதக்கம் ஒன்று, வீரப் பதக்கம் ஒன்று, ஆக இரண்டு சேர்ந்தன. கேப்டனுக்குப் பதக்கம் திரும்பி வந்தது, கூடவே ஒரு கண்டனக் கடிதமும் வந்தது. அவர் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பதக்கத்தை அலமாரியில் வைத்தார். ஒரு வரியைத் திருத்தினால் அதை ஒட்டியதையும் திருத்த வேண்டும் என்பது அலுவலக முறை. டிரைவர் விடுப்பை அனுபவிக்கவில்லை என்று ஆகிவிட்டபடியால், அது அவருக்குப் பாக்கி என்று ஆவண அலுவலகம் கண்டது. பதக்கங்களோடு மூன்று வார லீவு பாஸும் வந்து சேர்ந்தது. காரணம் என்ற இடத்தில், மனைவியின் பிரசவம் என்று இருந்தது.

ராணுவத்தில் கொடுத்த லீவை எடுக்காமல் இருக்க முடியாது. ஈரக்கால்காரர் துணிமணிகளைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, லீவில் வருகிறவராக வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவர் படியில் கால் வைத்தபோது தடம் விழவில்லை. இரண்டு கால்களும் சுட்ட ஓடுபோல உலர்ந்திருந்தன. கூடத்துக் கட்டிலில் மகள் படுத்திருந்தாள். கடைக்கு மூன்று வாரம் வரமுடியாது என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தாள். அவர் குனிந்து அவளை இரண்டு கைகளிலும் தூக்கினார். பிறந்தபோது எவ்வளவு கனமோ அவ்வளவுதான் இருந்தாள். “யார் மாதிரி இருக்கா?” என்று மனைவி கேட்டாள். “மூக்கு உன்னோடது” என்றார். அக்கம்பக்கத்தார் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஒரு கிலுகிலுப்பை வாங்கிவந்தார். தையல்காரி என்று சொன்னவர்களும் டீச்சர் என்று சொன்னவர்களும் குழந்தை அப்பா ஜாடை என்று ஒத்துப்போனார்கள். விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் மனைவி, கேட்காமலே, “லீவு குடுத்துட்டாங்க, பாருங்க, வந்துட்டாரு” என்றாள்.

மூன்று வாரம் முடிந்த அன்று காலை அவர் பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினார். தெருமுனையிலிருந்தே ஈரத்தடம் விழுந்துகொண்டு வந்தது. மகள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருந்தாள். மனைவி மாப்பைத் தயாராக வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் மூன்று வேளையும் தரையை முன்போலவே துடைக்கிறாள், ஜன்னலோரம் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடுகிறாள். கடையிலிருந்து வந்ததும் அங்கே இரண்டு நாற்காலிகளைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலையும் அவர் கால் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நாள் முழுக்க நின்ற காலுக்குத் தண்ணீர் இதமாக இருக்கிறது.